முதல் கரடியை எறிந்தது யார்

செப்டெம்பர் 22, ஞாயிறு

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதிவைத்துவிடுகிறேன். நேற்று ஆட்டம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்தியது எங்கள் வீட்டுப் பிள்ளையை இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளையை.

என்னைக் குற்றம் சொல்ல ஏலாது. ஐஸ் ஹொக்கியில் கோல் கீப்பரைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முகத்துக்குக் கம்பி மூடி, காலுக்கு மெத்தை, நெஞ்சுக்கு மெத்தை. கட்டிலை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒருவன் கோலுக்கு முன்னால் நின்றான். இந்த விளையாட்டில் பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத்தான் அடிக்கிறார்கள். அதை அவன் மறித்த நேரமெல்லாம் நான் எழும்பி நின்று, "ஆரூரன்! விடாதை! அப்பிடித்தான் ராசா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் காதுக்குள் வைத்திருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

ஆட்டம் முடிய அவன் மூடியைக் கழற்றினான். உள்ளே மஞ்சள் தலைமயிர்.

என் மனிசன் சிவபாதம் அப்போதுதான் வாய் திறந்தார். "எங்கட பெடியன் அந்தா, ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் கரையில, தொப்பியோட நிக்கிறான்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"துவக்கத்திலயே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ சந்தோசமா இருந்தாய்."

காரில் வரும்போது ஆரூரன் விளக்கம் சொன்னான். "அன்ரி, அது டிலன். அவன்தான் முதல் கோல் கீப்பர். நான் ரெண்டாவது. எங்கட ஆக்கள் ஐசில இருந்து வரேக்க போகேக்க வாங்கில் கதவைத் திறந்து விடுறது என்ர வேலை."

"நல்ல வடிவாத் திறந்தாய் ராசா. ஒருத்தன்ர விரலும் நசியேல்லை."

அவன் சிரித்தான். வந்து மூன்று கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அவனுடைய பல்லைப் பார்த்தேன்.

செப்டெம்பர் 25, புதன்

இந்த டயறி இறுதிச் சடங்குக் காப்புறுதி விற்கிற ஒருவர் ஸ்காபரோவில் இனாமாகத் தந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு பூவளையம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் எழுத ஆசை இருக்கிறது, பூவளையமும் இருக்கிறது.

என் பெயர் புவனேஸ்வரி. கிரேஸ்டன் என்கிற இந்தச் சின்ன ஊர் ரொறன்ரோவுக்கு வடக்கே, மரங்கள் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இங்கே தமிழ்ச் சனம் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மரம் அரியும் ஆலையில் வேலை. நான் டோனட் கடையில் நின்று ஊர் முழுவதையும் பகிடி பண்ணுகிறேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

இந்த ஊரின் இளைஞர் ஹொக்கி அணிக்குச் சின்னம் கொக்கு. வெளியூரிலிருந்து எடுக்கிற பிள்ளைகளை ஊர்ச் சனம் ஆளுக்கு ஒருவராக வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது இங்கே வழக்கம். ஸ்காபரோவிலிருந்து பதினெட்டு வயதில் ஒரு தமிழ்ப் பிள்ளை வரப்போகிறான் என்றதும் கோச் லாலோண்ட் நேரே என்னுடைய கல்லாவுக்குத்தான் வந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கோப்பி ஊற்றி முடிகிற மட்டும் யோசித்தேன்.

மேலே இருக்கிற சின்ன அறையை அவனுக்குக் கொடுத்தோம். இத்தனை காலமும் அதற்குள் உடுப்பு மினுக்குகிற மேசைதான் இருந்தது. சுவரில் வாத்துப் படம் போட்ட கடதாசி ஒட்டியிருக்கிறது. வீடு வாங்கிய வருடம் அவர் ஒட்டியது. ஆரூரன் வாத்துகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

ஒக்டோபர் 5, சனி

ஆட்ட நாள். ஆட்ட நாளில் ஆரூரன் காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசமாட்டான். கோல் கீப்பர்கள் எல்லாரும் இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு வைத்திருப்பார்களாம். கதவு திறக்கிறதுக்கும் மௌன விரதமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். ஏற்கெனவே ஒருவர் வீட்டில் பேசாமல் இருக்கிறார். இப்போது இரண்டு பேர். நான் ரேடியோவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 16, புதன்

இன்று கோச் கோப்பிக்கு வந்தார். அவர் பேசுவது இங்கிலீசுதான். என் கையால் வரும்போது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், பொறுத்துக்கொள்ளவும்.

"புவி, உம்மட்ட ஒளிக்க விரும்பேல்லை. சனவரி பத்தாம் திகதியோட அணிகள் ஆள் மாத்துற காலம் முடியுது. அதுக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கவேணும். பெடியன் பயிற்சியில நல்லா நிக்கிறான். ஆனா ஆட்டத்தில காணாத ஆளை எப்பிடி வைச்சிருக்கிறது?"

"அப்ப ஆடவிட்டுப் பாருங்கோவன்."

"டிலன் ஒரு பிழையும் விடுறானில்லை. அவனை எப்பிடி எடுக்கிறது?"

"இனி உங்களுக்குப் பழைய டோனட்தான்," என்றேன். பகிடிதான். ஆனாலும் புதியதைக் கொடுக்கக் கை வரவில்லை.

பின்னேரம் ஆரூரனின் தாய் சுகிர்தா போன் எடுத்தாள். தினமும் எடுப்பாள். "அக்கா, பிள்ளை சாப்பிட்டவனோ?" அவளிடமிருந்துதான் மிச்சம் தெரியவந்தது. தகப்பன் அவனுக்கு இந்த ஒரு குளிர்காலத்தைத்தான் கொடுத்திருக்கிறாராம். ஆட இடம் கிடைத்தால் தொடரலாம். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து மாமாவின் கூரை வேலைக் கம்பனியில் சேரவேண்டும், சப்பாத்துக்கும் மெத்தைக்கும் இனி ஒரு சதமும் இல்லை. "அவர் ஒரு சொல் சொன்னா சொன்னதுதான் அக்கா."

ஐந்து வயதிலிருந்து அவனுக்கு இது ஒன்றுதான் வேண்டுமாம். எனக்கு ஐந்து வயதில் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஐஸ்பழம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 3, ஞாயிறு

ஆரூரனின் சாமான்களைப் பற்றி எழுதாமல் விட்டால் பாவம். பயிற்சி முடிந்து வந்ததும் அந்த மெத்தைகளைச் சின்ன அறையில் சூடு வருகிற துவாரத்துக்கு மேலே காயப் போடுவான். நாற்றம் குழாய் வழியே வீடெல்லாம் போகும். கருவாடு காய்ச்சினால் குறை சொல்கிற அயலவள் ஒருத்தி நேற்று வந்து மூக்கைச் சுளித்து, "என்ன சமையல்?" என்றாள். "கோல் கீப்பர்," என்றேன்.

அவனுக்கு நான் புட்டு அவித்தால் நீத்துப்பெட்டி என்கிற ஓலைக் கூடை நிறைந்ததைத் தனியாக முடிப்பான். இந்த வீட்டில் இருபது வருடமாக அரைச் சுண்டு மாக் குழைத்தவள் நான். இப்போது பெரிய சட்டி வாங்கியிருக்கிறேன். நல்லூர்க் கந்தா, பெரிய சட்டிக்கு நன்றி.

நவம்பர் 19, செவ்வாய்

அவர் ஆரூரனுக்குக் காரின் சக்கரம் மாற்றக் காட்டிக்கொடுத்தார். முன்வாசலில் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். ஜன்னலால் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான்.

டிசெம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருக்கும் காட்டப்போவதில்லை.

இங்கே நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒரு ஆட்டத்துக்குக் கரடி ஆட்டம் என்று பெயர். சனம் எல்லாம் பொம்மைக் கரடியோடு வரும். எங்கள் அணி முதல் கோல் போட்டதும் எல்லாரும் கரடிகளை ஐசுக்குள் எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி ஆசுபத்திரியில் இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். இதைவிட நல்ல வழக்கம் நான் கண்டதில்லை. நான் ஒரு பெரிய மண்ணிறக் கரடி வாங்கினேன். மனிசன் அதைக் காரின் பின் இருக்கையில் வைத்துப் பெல்ற் போட்டுவிட்டார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் பெடியன் ஒருவன் வட்டை அடித்தான். "டங்" என்று ஒரு சத்தம். எதிர்ப்பக்கத்துக் கோல் கீப்பர் விழுந்து கிடந்தான். கோல்தானே? கோல் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் எழும்பி, "கொக்கு வாழ்க!" என்று கத்திக்கொண்டு என் கரடியை எறிந்தேன்.

அந்த ஒரு நொடி முழு மண்டபத்திலும் பறந்துகொண்டிருந்தது என் கரடி ஒன்றுதான்.

அதைக் கண்டதும் மற்றச் சனமும் எறிந்தது. மழைதான். வெள்ளை, சிவப்பு, றோஸ், ஒரு பச்சைத் தவளையும் இருந்தது. ஐஸ் தெரியவில்லை. நடுவர் இரண்டு கையையும் அகல விரித்தார். கோல் இல்லையாம். வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. ஆட்டத்தைக் குழப்பியதற்காக எங்கள் அணிக்குத் தண்டனை, இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைவு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டிலனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கோலுக்கு முன்னால் கிடந்த கரடிகளைத் தடியால் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒன்றில் காலை வைத்தான். ஒரு கால் கிழக்கே போனது. மற்றது மேற்கே போனது. தொடைச் சதை பிடித்துக்கொண்டதாம். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோனார்கள்.

பிறகு வாங்கில் கதவு திறந்தது. இந்த முறை அதைத் திறந்தது வேறு ஒருவன். வெளியே வந்தவன் ஆரூரன்.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கத்தவில்லை. சிவபாதம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

ஆள் குறைவாக நின்ற அந்த இரண்டு நிமிடமும் எதிரணிக்காரர் கல்லெறிகிற மாதிரி அடித்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒன்றைக் காலால் மறித்தான், ஒன்றைக் குப்புற விழுந்து மறித்தான், ஒன்றைத் தலையால். பிறகு எங்கள் அணி உண்மையாகவே கோல் போட்டது. சனத்திடம் எறியக் கரடி இல்லை. தொப்பியை எறிந்தார்கள், கையுறையை எறிந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் தன் சப்பாத்தைக் கழற்றப் பார்க்க, மனிசி தடுத்துவிட்டாள்.

இரண்டுக்கு ஒன்றில் வென்றோம். வீட்டுக்கு வந்து ஆரூரன் புட்டு முழுவதையும் சாப்பிட்டான். நான் எதிரே இருந்து பார்த்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது. டிலனின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது.

டிசெம்பர் 9, திங்கள்

கடையில் வேறு கதை இல்லை. முதல் கரடியை எறிந்தது யார்? எதிரணியின் ஆள் என்கிறார் தபால்காரர். குடிகாரன் என்கிறார் பள்ளிக்கூட அதிபர். "யாரோ ஒரு விசர்," என்றேன் நான், கோப்பி ஊற்றிக்கொண்டே. எல்லாரும் ஆமோதித்தார்கள். ஆமோதிக்காவிட்டால் நன்றாயிருந்திருக்கும்.

டிலனின் தாய் ஷெரிலும் வந்தாள். அவனுக்கு இதுதான் இளைஞர் அணியில் கடைசி வருடமாம். நத்தார் முடிகிற மட்டும் ஆட முடியாதாம். அவள் அழவில்லை. சீனி போடாமல் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

டிசெம்பர் 12, வியாழன்

மீன் ரோல்ஸ் செய்து டிலன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் ஷெரில்.

"டிலன், அந்த முதல் கரடி என்னுடையது," என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இதைவிட நல்லாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஷெரிலின் முகம் கல்லாகிப்போனது. டிலன் ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தான். மென்றான். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மிதிச்சது நான்தானே," என்றான். "நீங்கள் எறிஞ்சது குழந்தைப் பிள்ளையளுக்கு."

பிறகு, "உங்கட பெடியன் அண்டைக்கு நல்லா நிண்டவன். இடக்கைப் பக்கம் கொஞ்சம் பிந்துறான். என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கோ, காட்டித்தாறன்," என்றான்.

இருபது வயது. இந்தப் பிள்ளையைப் பெற்றவளைப் பார்த்தேன். அவளும் ஒரு ரோல்ஸ் எடுத்தாள். வாசல் வரைக்கும் வந்து, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசெம்பர் 22, ஞாயிறு

நன்றி சொல்லவேண்டிய நாள். ஆரூரன் இப்போது ஒவ்வொரு ஆட்டமும் ஆடுகிறான். பின்னேரங்களில் டிலன் ஊன்றுகோலோடு வந்து எங்கள் வீட்டின் கீழ் அறையில் அவனைப் பழக்குகிறான். சுருட்டிய காலுறைகளை எறிவான், இவன் இடக்கையால் பிடிப்பான். எனக்குச் சோடி சேர்க்கிற வேலை கூடிவிட்டது.

இன்று மேசையில் ஆரூரன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "அன்ரி, கரடி உங்கட எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடி?"

"கதவு திறக்கிறவன் எந்த நேரமும் சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறான். ஒவ்வொரு ஆட்டமும் உங்களைத்தான் பார்க்கிறனான். நீங்கள் எறிஞ்சதைக் கண்டு தலையில கை வைச்சனான்."

"அங்கிளும் கண்டவரே?"

சிவபாதம் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். "அவள் எழும்பேக்கயே நான் கண்டனான்," என்றார். "சந்தோசமா எழும்பினாள்."

சனவரி 4, சனி

டிலனுக்குக் கால் சுகம். மனதார நன்றி கந்தா. நேற்று அவன் ஆடினான். ஆரூரன் கதவு திறந்தான்.

சனவரி 10, வெள்ளி

ஆட்ட நாள், பேச்சில்லாத நாள். அதோடு ஆள் மாற்றுகிற கடைசி நாள்.

காலையில் கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினியில் உட்கார்ந்தார். லோரிங்டன் அணி ஆரூரனைக் கேட்கிறதாம். இங்கிருந்து காரில் நான்கு மணித்தியாலம். அங்கே அவன்தான் முதல் கோல் கீப்பர், அடுத்த வருடமும். இங்கேயே நின்றாலும் வைத்திருப்பாராம். ஆனால் டிலனுக்குப் பின்னால்தான். "பெடியனைக் கேக்காமலே நான் அனுப்பலாம். ஆனா இவனைக் கேக்கவேணும் போல இருக்கு. பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லுங்கோ," என்றுவிட்டுப் போனார். போகும்போது மேசையில் இருந்த வடையில் இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஆரூரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

ஆட்ட நாளில் முதல் முறையாக அவன் வாய் திறந்தான்.

"அன்ரி, நான் இஞ்சயே நிண்டா என்ன?"

"நிண்டு?"

"கதவு திறக்கிறன். எனக்குப் பிரச்சினையில்லை. உங்களோட... இஞ்ச நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்றான். சொன்னவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரு என்று சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

"டேய்," என்றேன், "ஐஞ்சு மாசமா என்ர வீடு கருவாட்டுக் கடை மாதிரி நாறுது. வாத்துப் படமெல்லாம் கறுத்துப்போச்சு. உன்னால இந்த ஊரில மா விலை ஏறிப்போச்சு. கதவு திறக்கிறதுக்கு உன்ர அப்பா ஒரு குளிர்காலம் தரேல்லை. சாமானைக் கட்டு."

"உண்மையாச் சொல்லுறியளோ?"

"நான் எப்ப பொய் சொன்னனான்?"

அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிவபாதம் எழும்பிக் கராஜுக்குப் போனார். போய் வெகு நேரம் வரவில்லை. காருக்கு எண்ணெய் பார்த்தாராம். நேற்றும் பார்த்தவர்.

சனவரி 11, சனி

போய்விட்டான். அணியின் வான் வண்டியில் ஏறும்போது மனிசன் அவன் கையைப் பிடித்து, "இடக்கைப் பக்கம் பிந்தாதை," என்றார். இந்த விளையாட்டைப் பற்றி அவர் இதுவரை சொன்ன ஒரே வசனம்.

சனவரி 14, செவ்வாய்

பொங்கல். பெரிய சட்டியில் பொங்கினேன். மிச்சத்தைக் கடைக்குக் கொண்டுபோய்த் தபால்காரருக்குக் கொடுத்தேன். சின்ன அறையில் நாற்றம் இன்னும் போகவில்லை. ஜன்னல் திறக்கவில்லை.

சனவரி 29, புதன்

சுகிர்தா எடுத்தாள். இன்றைக்கு "பிள்ளை சாப்பிட்டவனோ" என்று கேட்டது நான். இரண்டு பேருக்கும் தெரியாது. அழைப்பை வைக்க மனமில்லாமல் மணித்தியாலக் கணக்கில் கதைத்தோம். தகப்பன் ஒரு ஆட்டமாவது நேரில் பார்க்கட்டும் என்று அவள் நச்சரித்து, அவரும் ஓம் என்றுவிட்டாராம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நேற்று லோரிங்டன் போனோம். ஸ்காபரோவிலிருந்து சுகிர்தாவும் தகப்பன் விக்கினராசாவும் வந்தார்கள். மனிதர் புது மீசையும் புதுக் காருமாக இறங்கினார். நல்ல பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாகனம் விடுகிற இடமெல்லாம் நிரம்பிப்போயிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால், ஒரு பெரிய கதவுக்குப் பக்கத்தில், ஒருவரும் விடாத நல்ல இடம் கிடப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். எங்கள் காரையும் அவர்களுடைய காரையும் பக்கத்தில் பக்கத்தில் விடச் சொன்னேன். "அக்காவுக்கு நல்ல கண்," என்றார் விக்கினராசா.

ஆரூரன் இப்போது தங்குகிற வீட்டுக்காரி எய்லா என்று ஒரு பின்லாந்து மனிசி. இவளைப் பிடிக்கக்கூடாது என்று வரும் வழியிலேயே முடிவெடுத்திருந்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "பிட்டு எப்படிச் செய்வது? அவன் அதையே கேட்கிறான்," என்றாள். என் முடிவு அதோடு சரி. நீத்துப்பெட்டியைப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன், ஆட்டம் தொடங்கிவிட்டது.

விக்கினராசா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முதல் பகுதி முழுக்கக் கட்டிய கை அவிழவில்லை. இரண்டாம் பகுதியில் ஒரு எதிராளி தனியாக வந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் ஆரூரனைத் தவிர யாரும் இல்லை. அவன் இடப்பக்கம் அடித்தான். ஆரூரனின் இடக்கை முதலே அங்கே போய்க் காத்துக்கொண்டு நின்றது.

விக்கினராசா எழும்பி நின்றார். எழும்பியது அவருக்கே தெரியவில்லை. "என்ர பிள்ளை!" என்று தமிழில் கத்தினார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு என்னிடம் குனிந்து, "அக்கா, அது அவன்தானே?" என்றார்.

"அவன்தான். நிச்சயம்," என்றேன். இந்த விசயத்தில் நான் இப்போது கவனம்.

மூன்றுக்குப் பூச்சியம். வெளிவாசலில் தகப்பன் மகனின் பையைத் தோளில் வாங்கினார். நாற்றம் முகத்தில் அடித்தது. அசையவில்லை. "அடுத்த குளிருக்குப் புதுக் கால் மெத்தை எடுக்கவேணும். இது தேஞ்சுபோச்சு," என்றார். ஆரூரன் என்னைப் பார்த்தான். நான் சுகிர்தாவைப் பார்த்தேன். சிவபாதம் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார். அவருடைய சப்பாத்துக்கு நாடா கிடையாது.

கந்தா, எல்லாவற்றுக்கும் நன்றி.

பிறகு காருக்குப் போனோம். கார்கள் இருக்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் ஐசை வழிக்கிற வண்டி, வழித்த பனியை அந்தப் பெரிய கதவால் வெளியே கொண்டுவந்துதான் கொட்டுமாம். அந்த இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்று வண்டி ஓட்டுகிறவர் பொறுமையாக விளக்கினார். விக்கினராசாவின் புதுக் கார் கதவுப் பக்கம் நின்றபடியால் அதை எடுக்கக் கொஞ்சம் கூட நேரம் பிடித்தது. எய்லா இரண்டு மண்வெட்டி கொண்டுவந்தாள். ஆரூரன் தன் தடியால் தோண்டினான். முதலில் கிடைத்தது எங்கள் காரின் அன்ரெனா. அது தனியாகக் கிடைத்தது.